கடைசிப் பக்கத்து ஜெசிந்தா

சுவிஸின் லுசேர்ண் நகரில் நான் வேலை செய்யும் ஹோட்டலின் சமையலறைக்குத் தொலைபேசி வந்தால் அது முதலாளிக்குத்தான் வரும். அன்று மத்தியானம் எனக்கு வந்தது. எங்கள் மாதச் சஞ்சிகையின் ஆசிரியர் குலம் அண்ணை வின்டர்தூரிலிருந்து கதைத்தார். "தம்பி, ஜெசிந்தா மோசம் போயிட்டா. காலமை, ஆஸ்பத்திரியிலதான் உயிர் போச்சு," என்றார். நான் கரண்டியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். பிறகு அவர், "கடைசிப் பக்கத்துக்கு இனி என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை," என்றார். அந்தத் துக்கத்திலும் எனக்கு உள்ளே சுருக்கென்றது. நான் போனால் அதே சஞ்சிகையில் நான் எழுதும் பக்கங்களை நினைத்து இவர் இப்படிக் கலங்குவாரா?

ஜெசிந்தாவைத் தெரிந்த உங்களிடம் இதை மறைக்கத் தேவையில்லை. நீங்கள் எல்லோரும் அவரை விரும்பினீர்கள். நானும் விரும்பினேன், வயிறு எரிந்தபடியே.

மன்னாரிலிருந்து வந்தவர். வின்டர்தூரில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை. கணவர் அன்ரன் பேருந்துகளைக் கழுவும் இடத்தில் இருந்தார். எங்கள் சஞ்சிகையில் திரைப்பட விமர்சனம் எழுதுவது நான். நடுவில் இரண்டு பக்கங்கள் என்னுடையவை. கதையமைப்பு, ஒளிப்பதிவு, இசை என்று ஒழுங்காகப் பிரித்து எழுதுவேன். கடைசிப் பக்கம் ஜெசிந்தாவுடையது. 'பிடிச்சது, பிடியாதது' என்று தலைப்பு. வாடகைக்கு எடுத்த வீடியோப் படம், வானொலிப் பெட்டி, கமரா, பழைய கொம்பியூட்டர், கையில் கிடைத்த எதைப் பற்றியும் எழுதுவார். ஒரு படத்தைப் பற்றி அவர் எழுதியது முழுவதும் இவ்வளவுதான்: "இடையில் நித்திரையாகிப் போனேன். எழும்பியபோதும் அதே பாட்டுப் போய்க்கொண்டிருந்தது." அதே படத்துக்கு நான் இரண்டு பக்கமும் நிரப்பியிருந்தேன். என் மனைவி சஞ்சிகையைப் பின்னாலிருந்துதான் திறப்பாள். அந்த வரிகளை உரக்க வாசித்துச் சிரித்துவிட்டு, "உங்கடயைப் பிறகு ஆறுதலா வாசிக்கிறன்," என்பாள். அந்தப் 'பிறகு' எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

கொம்பியூட்டர் விஷயத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுவிஸ்காரர் வேண்டாத வீட்டுச் சாமான்களைத் தெருவோரம் வைக்கும் நாட்களில் ஜெசிந்தா ஒரு சின்னத் தள்ளுவண்டியோடு புறப்பட்டுவிடுவார். விசைப்பலகைக்குள்ளேயே முழு இயந்திரமும் அடங்கிய அந்தப் பழைய வீட்டுக் கொம்பியூட்டர்கள் அவருக்கு உயிர். தொலைக்காட்சியில் பொருத்தி, கசற்றில் இருந்து நிரலை ஏற்றவேண்டும். அது ஏறும்போது வரும் கிறீச்சென்ற சத்தத்தை அவர் வேண்டுமென்றே கூட்டி வைத்துக் கேட்பார். அந்த நாட்களில்தான் நான் புதுக் கொம்பியூட்டர் ஒன்று வாங்கினேன். நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். ஜெசிந்தாவும் வந்தார். நான் அதைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். ஜெசிந்தா சொன்னார்: "என்ரை தட்டின உடன கண்ணை முழிக்கும். உம்மடை எழும்பி முகம் கழுவிக்கொண்டு வாறதுக்குள்ள நான் தேத்தண்ணி குடிச்சு முடிச்சிடுவன்." வீடு முழுக்கச் சிரிப்பு. பிறகு பேச்செல்லாம் அவருடைய பெட்டியைப் பற்றித்தான். புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்துகளை வரைந்து, கலியாண வீடியோக்களுக்கு மணமக்களின் பெயரை அதில்தான் அவர் போட்டுக்கொடுத்தார். எழுத்துகள் நெளிந்து நெளிந்து மேலே ஏறும். 'ழ' மட்டும் எப்போதும் கொஞ்சம் கோணல். பார்க்க நன்றாக இருக்காது. ஆனாலும் என் மைத்துனியின் கலியாண வீடியோவுக்குக்கூட அவரிடம்தான் போனார்கள். எங்கள் வீட்டில் என் புதுக் கொம்பியூட்டர் சும்மா இருந்தது.

அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். இரண்டு கசற் போடும் ஒரு ரேப் றெக்கோடரை ஒருமுறை வானளாவப் புகழ்ந்து எழுதினார். அது நிலைக்காது என்று அதே இதழில் நான் எழுதியிருந்தேன். என் மனைவி உட்பட எல்லோரும் அதைத்தான் வாங்கினார்கள். சில மாதங்களில் அது நாடாக்களைச் சுருட்டி விழுங்கத் தொடங்கியது. எங்கள் கலியாணப் பாட்டுக் கசற்றும் அதற்குள் போனது. எனக்குக் கவலை வரவில்லை. இனி ஜெசிந்தாவின் பேச்சு எடுபடாது என்று உள்ளூரச் சந்தோஷம். அடுத்த இதழில் அவர் எழுதினார்: "நான் சொன்னது பிழை. அந்தப் பெட்டி நாடாவைத் தின்கிறது. என்னுடையவற்றையும் தின்றது. நல்ல பசி." அவ்வளவுதான். ஆட்கள் அவரை முன்னரைவிடக் கூடுதலாக நம்பினார்கள். நான் சரியாகச் சொல்லியும் கிடைக்காத புகழ் அவருக்குப் பிழையாகச் சொல்லிக் கிடைத்தது.

தேவாலய மண்டபத்தில் மேடையேறிய என் நாடகத்துக்கு அன்ரனோடு வந்து முன்வரிசையில் இருந்தார். அகதி அனுமதிக்காகக் காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் கதை அது. மற்றவர்கள் கை தட்டினார்கள். நான் ஜெசிந்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் வந்தது இது: "முதல் பாதியில் எழுத்தாளர் கதைக்கிறார். இரண்டாம் பாதியில் மனிதர் கதைக்கினம். எனக்கு மனிதரைப் பிடிச்சது." ஊரெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தது. நாடகம் எழுதியவன் நான், நினைவில் நின்றது அவருடைய வரி. கோபத்தில் ரயிலேறி அவர் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தவர், "சண்டைக்கோ வந்தனீர்? முதல் சாப்பிடும்," என்றார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து ஜெசிந்தா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கடைசியாகப் போய்ப் பார்த்தேன். கட்டிலோடு இணைத்த சின்னத் தொலைக்காட்சியை முதலில் ஒரு பிடி பிடித்தார். "இதில யானையும் எலிதான்," என்றார். பிறகு, "ஒரு புதுப்படமும் பார்க்க ஏலாமக் கிடக்கு. நீர் பார்த்தனீர்தானே, சொல்லும்," என்றார். நான் சொல்லத் தொடங்கினேன். கதைச்சுருக்கம் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவர் கண்களைப் பார்த்தபோது கதாநாயகனின் தாயாக அழுது, வில்லனாக உறுமி, சண்டைக் காட்சியில் நான் இருந்த கதிரையையும் தட்டிவிட்டேன். ஜெசிந்தா காயத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாதி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

முடித்தபோது அவர், "நான் இனி அந்தப் படத்தைப் பார்க்கத் தேவையில்லை," என்றார். "உமக்கு இப்பிடிக் கதைக்கத் தெரியும் எண்டு ஏன் ஒருத்தருக்கும் காட்டேல்லை? இப்பிடி எழுதியிருந்தால் எனக்கு உம்மில பொறாமை வந்திருக்கும்."

"பிறகு வாறன்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் கோப்பி குடித்தபோது நீங்களும் இருந்தீர்கள். ஆளுக்கொரு வரியை ஜெசிந்தாவிடமிருந்து வாங்கி வைத்திருந்தீர்கள். ஒருவரின் தொலைக்காட்சியை மீன்தொட்டி என்றாராம். இன்னொருவரின் கமராவுக்குக் கண்ணாடி போடச் சொன்னாராம். கேட்கக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. செத்த வீட்டிலும் அவருடைய பக்கத்தைத்தான் எல்லோரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்ரன் என்னருகே வந்து இருந்தார். "அண்டைக்கு நீர் வந்து போன பிறகு அவ நல்லாச் சாப்பிட்டவ. என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன், அவர் கடைசியாகச் சொன்னது உட்பட. அன்ரன் கோப்பியைக் கீழே வைத்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நான் கதை சொன்னால் அவ பாதியில மறிச்சு முடிவைச் சொல்லிப்போடுவா," என்றார். "ஒருநாளும் முழுக்கக் கேட்டதில்லை. உண்மையாச் சொல்லுறன், எனக்கு உம்மில எரிச்சலாக் கிடக்கு."

அவரைத் தேற்ற நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஜெசிந்தா ஒரு கதையைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்த பொழுது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் வைத்துக்கொள்வது அதைத்தான். அன்ரனுக்குக்கூட அதில் பங்கு கொடுக்க எனக்கு மனமில்லை.