பட்டியலில் விடுபட்ட எட்டாம் எண்

ஆறு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் உள்ளரங்கத்தில் நடந்தது இது. பேராக் மாநிலக் கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கூடைப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். காம்பார் பக்கம் உள்ள ஒரு தனியார் கல்லூரி அணிக்கு நான் தலைமைப் பயிற்றுநராகி அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த வேலை எனக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். இடைநிலைப்பள்ளியில்தான் முதன்முதலாகக் கூடைப்பந்தைத் தொட்டேன். அணியில் நான் ஒருத்திதான் தமிழ்ப் பெண். பிறகு பதினோரு வருடம் துணைப் பயிற்றுநராக இருந்தேன். தண்ணீர்ப் பெட்டி தூக்குவது, கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, எல்லாம் நான்தான். தலைமைப் பொறுப்புக்கு மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் வேறு யாரோ வந்தார்கள். நான்காவது முறை கிடைத்தது, அதுவும் ஒரு வருட ஒப்பந்தத்தில். ஆகவே எதிலும் பிசகக் கூடாது என்று எல்லா வேலைகளையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன்.

எங்கள் அணியின் பெரிய பலம் எட்டாம் எண் சட்டை போட்ட பெண். பாகான் டத்தோவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். முதல் பத்து நிமிடம் அவளை வெளியே வைத்திருப்பேன். எதிரணி கொஞ்சம் களைத்ததும் உள்ளே விடுவேன். தூரத்தில் நின்று மூன்று புள்ளிப் பந்துகளை வரிசையாகப் போடுவாள். அன்று அவள் விளையாடுவதை முதன்முறையாகப் பார்க்க ஒரு வேன் நிறையக் குடும்பமே வந்திருந்தது. ஆட்டத்துக்கு முன்பு பார்வையாளர் பக்கம் திரும்பித் திரும்பிக் கையசைத்துக்கொண்டே இருந்தாள்.

முதல் கால் பகுதி முடிந்தது. அவள் தோளைத் தட்டி மேசைப் பக்கம் அனுப்பினேன். புள்ளி எழுதும் அதிகாரி தாளைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் என்னிடம் அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். பதினோரு பெயர்கள் இருந்தன. அவள் பெயர் இல்லை. என் கையெழுத்து, கீழே என் ஒப்பம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அரையிறுதி அன்று அவளுக்குத் தேர்வு இருந்ததால் பதினோரு பேரோடுதான் ஆடினோம். இறுதி ஆட்டத்துக்கு அந்தப் பழைய பட்டியலைப் பார்த்து அவசரத்தில் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆட்டம் தொடங்கிய பிறகு பெயர் சேர்க்க முடியாது, அதுதான் விதி. வேண்டுமானால் சட்டையை மறைத்துக்கொண்டு உதவியாளர் நாற்காலியில் உட்காரட்டும் என்றார் நடுவர்.

அவள் ஒரு டீ சட்டையை மேலே மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அரை நேரத்துக்குள் ஒன்பது புள்ளி பின்தங்கிவிட்டோம்.

உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் அணி மேலாளர் என் பக்கத்தில் வந்தார். அவர் கல்லூரியில் விரிவுரையாளர், நல்ல மனிதர்தான். "கோச், மேலே மேனேஜ்மென்ட் ஆளுங்க எல்லாம் ஒக்காந்திருக்காங்க. மேசைக்காரங்க மேல போட்ருங்க லா. லிஸ்ட்ட மாத்தி எழுதிட்டாங்கன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கும் அது சரியென்றே பட்டது. பதினோரு வருடம் கண்முன் வந்து நின்றது.

ஆனால் அறைக்குள் பன்னிரண்டு பேரும் என்னையே பார்த்தபோது வாய் தானாகத் திறந்துகொண்டது. "தப்பு என்னுது. பேர எழுதாம விட்டது நான்தான். வேற யாரும் இல்ல" என்றேன். எட்டாம் எண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவள் கண் கலங்கியிருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்பாகிட்ட யாரு சொல்றது, கோச்?"

"நானே சொல்லிட்டு வாரேன்" என்று படியேறினேன்.

அவள் அம்மா என்னைச் சும்மா விடவில்லை. "காலையிலேயே பொறப்பட்டு வந்தோம். அந்தப் புள்ள பேர எழுத ஒங்களுக்கு முடியலியா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எண்ணெய் மில்லுக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டும் அவள் அப்பா மனைவியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு, "நான் ஒரு தடவ பழத்த தப்பான மில்லுல கொண்டுபோயி கொட்டிட்டேன். ரெண்டு நாளு சோறு எறங்கல. போங்க கோச், புள்ளைங்க அங்க இருக்கு, நீங்க இங்க நின்னு என்ன செய்யப் போறீங்க?" என்றார்.

கீழே இறங்கியபோது அணித்தலைவி வாசலில் நின்றிருந்தாள். ஈப்போ சீனப் பெண், அணியிலேயே உயரமானவள். "போலே, கோச். போலே" என்று மட்டும் சொன்னாள். மலாய் மொழியில், முடியும் என்று.

மூன்றாம் பகுதி தொடங்கி இரண்டு நிமிடம் இருக்கும். என் பக்கத்து நாற்காலியில் இருந்த எட்டாம் எண் என் கையைத் தட்டினாள்.

"கோச், அவங்க நாலாம் நம்பர பாருங்க. எடது பக்கம் போகவே மாட்டேங்குறா. வலது பக்கத்த அடைச்சிட்டா பந்த விட்ருவா."

அந்த நான்காம் எண்தான் எங்களைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தடுக்க நான் மூன்று வாரமாக வேறு ஒரு திட்டம் போட்டுப் பழக்கியிருந்தேன். வேறொரு நாளாக இருந்தால், 'நான் பாத்துக்கிறேன், நீ சும்மா இரு' என்றுதான் சொல்லியிருப்பேன். அன்று அப்படிச் சொல்ல எனக்கு வாய் இல்லை. உற்றுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தினேன். "நீயே சொல்லு" என்றேன். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து தோழிகளுக்கு விளக்கினாள். அடுத்த ஐந்து நிமிடத்தில் நான்காம் எண் மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தாள். ஒன்பது புள்ளி வித்தியாசம் ஐந்தானது. கடைசிப் பகுதியில் மூன்றானது. எங்கள் பெண்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்கே மூச்சு வாங்கியது. பார்வையாளர் பக்கத்தில் பாகான் டத்தோ வேன் கூட்டம் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது, மகள் களத்தில் இல்லாமலே.

பதினொரு நொடி மிச்சம். ஒரு புள்ளி பின்னால் இருந்தோம், பந்து எங்களிடம். மறுபடியும் நேரம் கேட்டு நிறுத்தினேன். இப்படிப்பட்ட நேரத்தில் பந்து எட்டாம் எண்ணிடம்தான் போகும். நான் திட்டம் வரையும் பலகையில் கோடு போடத் தெரியாமல் நின்றபோது, அவள் தெலுக் இந்தானிலிருந்து வந்த இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தாள். அணியிலேயே குள்ளமானவள், பந்து எறியப் பயப்படுபவள்.

"நான் நிக்கிற எடத்துல இவ நிக்கட்டும், கோச். தெனமும் பயிற்சி முடிஞ்சதும் என்கூட நின்னு போட்டுப் பழகுறா. உங்களுக்குத் தெரியாது."

ஆமாம், எனக்குத் தெரியாது. சரி என்றேன்.

தெலுக் இந்தான் பெண் எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. அரங்கமே 'ஐயோ' என்றது. ஆனால் அவள் எறியப் போகிறாள் என்றதும் எதிரணிப் பெண்கள் அவள் மேல் பாய்ந்திருந்தார்கள். வளையத்துக்குக் கீழே எங்கள் அணித்தலைவி தனியாக நின்றாள். எகிறினாள். பந்தைப் பிடித்து உள்ளே போட்டாள். மணி அடித்தது.

ஒரு புள்ளியில் வென்றோம். என்ன நடந்தது என்றே தெரியவில்லை. பெண்கள் எல்லாரும் என்மேல் விழுந்தார்கள், நான் தரையில் கிடந்தேன். எழுந்து பார்த்தால், எட்டாம் எண்ணைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு களத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நொடிகூட ஆடாத பெண்ணை! கோப்பையை வாங்கவும் அவளைத்தான் அனுப்பினார்கள். பரிசு கொடுத்த அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சிரிக்கவில்லை. கறிபாப் பலகாரம் நிறைந்த டப்பாவை என் கையில் திணித்தார். "அடுத்த தடவ மொத பேரே அவ பேரா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மகளைக் கட்டிக்கொள்ளப் போய்விட்டார்.

மறுநாள் நடந்ததை ஒன்று விடாமல் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். புதிதாக ஒரு மூன்று வருட ஒப்பந்தத்தை என்னிடம் நீட்டினார்கள். அதை இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கோப்பைகள் வாங்கியிருக்கிறோம். ஆட்டத்துக்கு முன்பு பட்டியலை இப்போது நான் எழுதுவதில்லை. பெண்களே எழுதி, சத்தமாக வாசித்து, என்னிடம் தருகிறார்கள். பயிற்றுநர் என்றால் எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று பதினோரு வருடம் நினைத்திருந்தேன். தெரியாது, தப்பு என்னுடையது என்று பெண்கள் முன்னால் சொன்ன அந்த அரை நேரத்தில்தான் நான் உண்மையில் அவர்களுடைய பயிற்றுநர் ஆனேன் என்று இன்றும் நம்புகிறேன்.