ஊருக்கு ஒரு புத்தகம்

கரம்பொன் ஜெனீற்றாவிடம் யாராவது 'ஏலாது' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. பக்கத்துத் துறைமுகமான ஊர்காவற்றுறையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை. புருஷன் ஜோர்ஜ் கடலுக்குப் போகிறவன். இப்படியான ஒருத்தி புத்தகம் போட வெளிக்கிட்டதே ஊருக்குப் பெரிய புதினம். அதிலும் அது கதைப் புத்தகமில்லை, கவிதைப் புத்தகமில்லை, விளையாட்டுப் புத்தகம்.

கனடாவிலிருந்து பெருநாளுக்கு வந்த சித்தியின் மகன் ஜெனோசன் கொண்டுவந்த விளையாட்டில்தான் வினை தொடங்கியது. நாலைந்து பேர் சுற்றியிருக்க ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தான் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லிக் கதையை இழுத்துப் போக வேண்டும். நினைத்தது நடக்குமா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். விளையாட்டு ஜெனீற்றாவுக்குப் பிடித்தது. அதில் வந்த பனிமலைதான் பிடிக்கவில்லை. நாலு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு கண்டறியாத மலையில் ஏன் ஏற வேண்டும் என்று கேட்டாள். கேட்டதோடு விடாமல் இரண்டு வருஷம் மினைக்கெட்டுச் சொந்தமாக ஒன்றை எழுதினாள். ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு பாய்க்கப்பல் வெளிக்கிடும். கதையை நடத்துபவர் தண்டையல், அதாவது கப்பலின் தலைவர். மற்றவர்கள் கப்பலாட்கள். தாயக்கட்டைக்குப் பதிலாக ஆறு சோகியை, அதுதான் கடற்கரையில் பொறுக்குகிற சோழியை, எறிந்து, எத்தனை மல்லாந்து விழுகிறது என்று பார்த்தால் சரி. விளையாட்டுக்குப் பேரும் 'தண்டையல்' என்றே வைத்தாள்.

யாழ்ப்பாணத்தில் அச்சகம் வைத்திருந்த அம்பலவாணர், மெல்லிய தாளில் அடித்துப் பசையால் ஒட்டித் தருகிறேன் என்றார். தாள் விலை கொதித்துக் கிடந்த நேரம், அவரிலும் பிழையில்லை. ஜெனீற்றா மறுத்துவிட்டாள். பாயில் விரித்தால் விரித்தபடி கிடக்க வேண்டிய புத்தகம் இது, ஒட்டினால் நாலு நாளில் முதுகு வெடித்துத் தாள் கழரும், மெல்லிய தாள் எங்கள் உப்புக்காற்றுக்கு ஒரு மாரி தாங்காது என்றாள். தடித்த தாளில் அடித்து நூலால் தைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். விலை இரண்டு மடங்காகும், ஆர் வாங்குவது என்று அவர் கேட்டார். முந்நூறு அடிக்க நினைத்தவள் இருநூறு போதும் என்றாளே தவிர, தாளிலோ தையலிலோ ஒரு படி இறங்கவில்லை. கட்டி எடுத்த சீட்டுக்காசு அப்படியே அச்சகத்துக்குப் போனது. இது விற்றால்தான் அடுத்த பதிப்பு, இல்லையென்றால் இத்தோடு சரி.

யாழ்ப்பாணத்துப் புத்தகக்கடை சுதாகரன் விற்றுத் தருவதாகப் பொறுப்பெடுத்தார். கரம்பொனில் றஞ்சனி என்றொருத்தி மட்டும் காசு கொடுத்து ஒன்று வாங்கினாள்.

அது ஒக்டோபர், செபமாலை மாதம். அந்த மாதத்தில் மாதாவின் சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். அயலட்டை கூடிச் செபமாலை சொல்லித் தேத்தண்ணி குடித்துக் கலையும், அடுத்த நாள் அடுத்த வீட்டார் வந்து மாதாவைத் தூக்கிக்கொண்டு போவார்கள். றஞ்சனி வீட்டில் செபம் முடிந்த கையோடு பிள்ளைகள் தண்டையலை விரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியவர்களும் குந்திவிட்டார்கள். கப்பல் நடுக்கடலில் நிற்க நேரம் போய்விட்டது. அடுத்த நாள் மாதாவைத் தூக்க வந்த வீட்டார் கப்பலையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கடுத்த வீட்டாரும் அப்படியே செய்தார்கள். மாதம் முடிந்து மாதா கோயிலுக்குத் திரும்பிய பிறகும் புத்தகம் நிற்கவில்லை.

ஊரே விளையாடியது. றஞ்சனிக்குப் பிறகு ஒரு சனம் வாங்கவில்லை. ஜெனீற்றாவுக்கு விசர் பிடிக்காத குறை. கடைசியில் வீட்டுக்குள்ளேயே கேட்டுப் பார்ப்போம் என்று மாமியார் செபஸ்தியம்மாவைக் கேட்டாள்: உங்கள் கூட்டாளிமார் ஒருத்தருக்கும் ஒன்று வாங்க மனமில்லையா?

"அதென்ன கதை பிள்ளை? முறைக்கு வீட்டை வாறதை ஆரும் கடையில வாங்குவினமே? வாங்கி வைச்சா, எங்கட வீட்டுக்கு வராதையுங்கோ எண்டு சொன்ன மாதிரியெல்லோ?"

அவ்வளவுதான் விஷயம். விலைக்கு அடித்ததை ஊர் முறைக்கு எடுத்துவிட்டது. ஜெனீற்றா குசினிக்குள் போய் நின்று அழுதாள், அழுதபடியே சிரித்தாள்.

தை பிறக்கச் சுதாகரன் அவளைக் கடைக்குக் கூப்பிட்டார். பதினொன்று விற்றிருந்தது. மிச்சத்தை மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு, விளையாட்டுப் புத்தகம் விற்கிற வித்தையை விளக்கினார். சோகியை எடுத்துவிட்டு வெளிநாட்டுக் கலர்த் தாயக்கட்டை போட வேண்டுமாம். மினுங்குகிற அட்டை வேண்டுமாம். உள்ளே மெல்லிய தாள் போதுமாம். விளையாடுகிறபோது கிழித்து எழுதுகிற தாள்களையும் உள்ளேயே வைத்துவிட்டால், அவை முடிய அடுத்த புத்தகம் வாங்கியே ஆக வேண்டும். அப்படிச் செய்தால் ஐந்நூறு பிரதிக்கு முற்பணம் தருவதாகச் சொன்னார். சும்மா சொல்கிற ஆளில்லை, காசோலைப் புத்தகம் மேசையில்தான் கிடந்தது.

ஜெனீற்றா பையைத் திறந்து, ஊர் சுற்றிய அந்த ஒற்றைப் பிரதியை வெளியே எடுத்தாள். றஞ்சனியிடம் கேட்டு வாங்கி வந்தது. அட்டையில் மெழுகுதிரி வடிந்திருந்தது, உள்ளே தேத்தண்ணிக் கறை, மீன்குழம்பு விரல். மேசையில் விரித்தாள். விரித்தபடி கிடந்தது. ஒரு தாள் கழரவில்லை.

"பாத்தீரே தங்கச்சி, உம்மட புத்தகத்துக்கு அதின்ர தரம்தான் எதிரி. கிழியாத சாமானை ஆர் திருப்பி வாங்குவினம்?"

"கிழியிறதுக்கெண்டு நான் ஒண்டும் எழுதேல்லை அண்ணை. வீட்டுக்கு ஒண்டு விக்க ஏலாதெண்டா ஊருக்கு ஒண்டு விக்கிறன். மிச்சத்தைக் கட்டித் தாங்கோ."

ஊருக்கு ஒண்டா என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் இன்றைக்கும் மன்னிக்கவில்லை, மன்னிக்கச் சொல்ல நானும் ஆளில்லை. கட்டுகளைப் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வரும் வழியெல்லாம் பயம்தான். நல்ல காசையல்லவா உதறிவிட்டு வருகிறாள். ஜோர்ஜ் கட்டுகளை இறக்கி அலுமாரிக்கு மேல் வைத்தான்.

கடைக்குப் போட்டோக்கொப்பி எடுக்க வருகிற அனலைதீவுத் தியாகலிங்கத்தாரிடம் முதல் பிரதியைக் கொடுத்தனுப்பினாள். காசு வேண்டாம், முதலில் ஊரைச் சுற்றட்டும், பிடித்தால் எல்லோருமாகச் சேர்ந்து விலையைப் போடுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பித் தாருங்கள் என்றாள். அங்கே கோயில் திருவிழாவை வீட்டு முறை வைத்துச் செய்கிற சனம். புத்தகமும் அதே முறையில் போனது. பங்குனியில் காசு வந்தது, புத்தகம் வரவில்லை. தங்கள் ஊரில் வடக்குத் தெற்கு இரண்டு பக்கமும் இழுபறி, இன்னொன்று அனுப்பு என்று தியாகலிங்கத்தார் சொல்லியனுப்பினார். அனலைதீவைப் பார்த்து நயினாதீவு கேட்டது, பிறகு நெடுந்தீவு. கோயில் பங்குகள், சனசமூக நிலையங்கள், மீனவரின் வலைவாடிகள் என்று போய், ஆவணிக்குள் அலுமாரியின் தலை வெறுமையானது. அம்பலவாணர் இரண்டாம் பதிப்புக்குப் பசைக் கதையே எடுக்கவில்லை, தைக்க என்ன நிற நூல் என்று மட்டும் கேட்டார்.

அந்த நூல் வாங்கப் போன கிழமைதான் சுதாகரனின் அழைப்பு வந்தது. கடைக்கு வருகிற சனமெல்லாம் தண்டையல் இருக்கிறதா என்று கேட்கிறதாம். இருபது பிரதி உடனே அனுப்பு என்றார், காசைக் கையில் தருகிறேன் என்றார்.

புதிது வரப் பொறுக்க வேண்டும் என்றாள் ஜெனீற்றா. பழையதில் ஒன்றாவது கிடைக்காதா, தன் வீட்டிலும் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்டு இருக்கு அண்ணை. அது ஊருக்குள்ள சுத்துது," என்றாள். "உங்கட வீட்டையும் முறையில சேர்த்துவிடுறன். வரேக்க வந்து தூக்கிக்கொண்டு போங்கோ."