மெலியாப்பொரென்சிஸ் என்பவர் யார்?

போன செவ்வாய்க்கிழமை காலை. பல்கூட விளக்கவில்லை. கீழே தெருவிலிருந்து, "அண்ணே! அண்ணே!" என்று ஒரே சத்தம்.

எட்டிப் பார்த்தால் மா மேரி. யாங்கோன் லான்மடாவில் எங்கள் கட்டடத்துக்கு எதிரே மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் கடை போட்டிருப்பவர். அந்த நேரத்தில் அவர் கையில் கரண்டிதான் இருக்கும். அன்று ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கப்பா பேரு என்னண்ணே?"

இதென்ன கேள்வி? "சவரிமுத்து. இந்தத் தெருவுக்கே தெரியுமே!"

"ஆபீசுக்குத் தெரியலியே! பேப்பர்ல சவரிமுத்து மெலியாப்பொரென்சிஸ்னு இருக்காம். இத்தாலிக்காரரான்னு கேக்குறாங்கண்ணே. எங்கப்பா க்யிம்யிண்டைங் ஜெட்டில மீன்கூடை தூக்குனவரு!"

விஷயம் இதுதான். மேரியின் மகள் நான்சிக்கு லைங் தாயாவில் ஒரு தையல் ஃபேக்டரியில் ஆபீஸ் வேலை கிடைத்திருக்கிறது. அடையாள அட்டைக்கு மனு கொடுத்த சீட்டையாவது வெள்ளிக்கிழமைக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. மனுவை வாங்கவே, நான்சியின் தாத்தா எங்கே பிறந்தார் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். பழைய காகிதமெல்லாம் ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது போய்விட்டது. மிஞ்சியது கோயில் ஞானஸ்நானப் பதிவின் நகல் ஒன்றுதான். அதுவும் லத்தீனில்!

அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியார்கள் எல்லாவற்றையும் லத்தீனில்தான் எழுதி வைத்தார்கள். மேரி அதை ஒரு மொழிபெயர்ப்புக் கடையில் கொடுக்க, கடைக்காரர் அழகாகப் பர்மிய மொழியில் அடித்துக் கொடுத்துவிட்டார். பெயர் — சவரிமுத்து மெலியாப்பொரென்சிஸ்!

சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்த பழக்கத்தில் எனக்குக் கொஞ்சம் லத்தீன் தெரியும். "என்சிஸ்" என்று முடிந்தால் நம்ம "க்காரர்". மதுரைக்காரர் மதுரென்சிஸ். ரங்கூன்காரர் ரங்குனென்சிஸ். மெலியாப்பூர் என்றால் மயிலாப்பூர்... அப்படியானால் இவர் மயிலாப்பூர்க்காரர். ஆளின் பெயரே இல்லை!

பெருமையாகச் சொன்னேன். மேரி தலையில் கையை வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அய்யய்யோ! இது அதவிட மோசமாச்சேண்ணே! இத்தாலிக்காரரு இல்ல, இந்தியாக்காரருன்னு ஆயிருமே! எங்கப்பா மயிலாப்பூர கண்ணால பார்த்ததே இல்லியே. வந்தவரு எங்க தாத்தால்ல?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பின்னே? க்யிம்யிண்டைங்கில் பிறந்து பத்து நாளான சிசு. கண்கூடச் சரியாகத் திறந்திருக்காது. அதன் முகத்தைப் பார்த்து, "நீ மயிலாப்பூர்க்காரன்" என்று எழுத அந்தச் சாமியாருக்கு எப்படிக் கை வந்தது?

ஊர்ப் பெயரையாவது ஒழுங்காக எழுதினாரா? மயிலாப்பூர் எத்தனை பழைய ஊர்! கடல் கடந்து வந்தவனுக்கு நாக்கு புரளவில்லை என்றால் ஊர் என்ன செய்யும்? மயிலைப் பறக்கவிட்டு மெலியாப்பூர் ஆக்கினார்கள். தூத்துக்குடியை டூட்டிக்கோரின் ஆக்கினார்கள். யாங்கோனையும் விடவில்லை, ரங்கூன் ஆக்கினார்கள். அவன் வாய்க்கு வந்தது நமக்குப் பெயர்!

சரி, மற்றவர்கள் மட்டும் என்ன ஒழுங்கா? இங்கே தமிழர்களான எங்களைக் கேவலமாகக் குறிக்க ஒரு வார்த்தை இருக்கிறது. அச்சில் போட மாட்டேன், எங்கள் ஆட்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டுக்குக் கல்யாணத்துக்குப் போனால், "பர்மாக்காரங்க வந்துட்டாங்க, இலை போடு" என்கிறார்கள். அங்கே போனால் இந்த ஊர்க்காரன், இங்கே இருந்தால் அந்த ஊர்க்காரன். நான் எந்த ஊரில்தான் "நம்ம ஆள்"?

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேரியோடு கோயிலுக்குப் போனேன். சாமியாரை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்றுதான். ஆனால் எழுதியவர் கல்லறைக்குப் போய் எத்தனையோ வருஷம். இப்போது இருப்பவர் இங்குள்ள கரேன் இனக்காரர், இளவயது, பரம சாது. (பார்த்தீர்களா, எனக்கும் "காரர்" போடாமல் வாய் வரவில்லை!)

அவர் நகலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மெலியாப்பொரென்சிஸைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனார். பிறகு பர்மிய மொழியில், ஐயா என்ற மரியாதையோடு மெதுவாகக் கேட்டார்: "ஸயா, இதைப் பார்க்கலையா?"

இரண்டே வார்த்தை. ஹிக் நாட்டுஸ். இங்கே பிறந்தவன்.

நகலில் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. லத்தீன் தெரிந்த மேதாவி நான், நீள வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். மொழிபெயர்ப்புக் கடைக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். அந்த மனிதர் கூலாகச் சொன்னார்: "ஹிக்குன்னா லத்தீன்ல மூணே எழுத்து ஸயா. முக்கியமா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

இங்கே என்பது முக்கியமில்லையாம்! கேட்டீர்களா அநியாயத்தை?

வெள்ளிக்கிழமை காலை மேரி, நான்சி, நான் மூவரும் ஆபீசுக்குப் போனோம். நகலில் அந்த வார்த்தைக்கு அடியில் சாமியார் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். அருகே சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"ஹிக்... இது எந்த நாட்டுல இருக்கிற ஊர்?"

மேரி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் லத்தீன் இலக்கணத்தை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். நான்சி முந்திக்கொண்டாள். தமிழில் திக்கித் திக்கிப் பேசுகிற பெண், பர்மிய மொழியில் திக்கவில்லை. நிமிர்ந்து நின்று, காலடியில் தரையைக் காட்டிச் சொன்னாள்:

"டீமா, ஸயாமா." இங்கேதான், மேடம்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் முத்திரையை எடுத்துக் குத்தினார்.

மேரிக்கு ஆனந்தக் கண்ணீர். எனக்கோ இன்னும் வயிறு எரிகிறது — இந்த ஒரு வார்த்தைக்கு ரோமாபுரியிலிருந்து சாட்சி வர வேண்டியிருந்ததே!