நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில், செயின்ட்-மிஷேல் பக்கம் என் கடையைப்போல நேராகத் தையல் ஓடும் கடை வேறு கிடையாது. இதை நானே சொல்லவேண்டியிருக்கிறது, என் மனைவி சொல்லமாட்டாள். மணப்பெண் உடுப்பு, சுவாமியாரின் அங்கி, கோயில் திரைச்சீலை எல்லாம் இந்தக் கையால் போனவை. அப்படிப்பட்டவனை ஒரு கொடி படுத்திய பாடு கொஞ்சமல்ல.

எங்கள் தெருவில் கரிபியன் பக்கத்து ஹெயிட்டிக்காரர் அதிகம். மே மாதத்தில் அவர்களுக்குக் கொடிநாள். அடுத்த கட்டடத்து ஹெயிட்டி மடாமுக்கு, ஊர்வலத்தில் முன்னால் கொடி பிடிக்கும் முறை இந்த வருடம்தான் முதன்முதலாகக் கிடைத்திருந்தது. பெரிய கொடியாக வேண்டும் என்றாள். மேலே நீலம், கீழே சிவப்பு. இரண்டு துண்டு, ஒரு தையல். இது ஒரு வேலையா?

ஆனால் அந்த நீலத் துணி மழை பட்டால் சாயம் விடும், கீழே சிவப்பில் ஊறிவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவில் விரலகல வெள்ளை நாடா வைத்து இரட்டைத் தையல் போட்டேன். பார்க்கவும் எடுப்பாக இருந்தது.

ஊர்வலத்தன்று காலை மடாம் வந்து கொடியை விரித்தாள். முகம் இறுகிப்போனது.

"முசியே, வெள்ளை வைக்கச் சொல்லி யார் கேட்டது?"

"வடிவா இருக்கட்டும் எண்டு வச்சனான், மடாம்" என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

"பிரெஞ்சுக்காரன் கொடியில் நீலம், வெள்ளை, சிவப்பு மூன்றும் இருந்தன. எங்கள் தலைவர் நடுவில் இருந்த வெள்ளையைக் கிழித்து வீசினார், அவன் எங்கள் மண்ணில் இருக்கக்கூடாது என்று. மிச்சத்தை ஒரு பெண் ஒட்டித் தைத்தாள். நீலம் கறுப்பர், சிவப்பு கலப்பினத்தவர். நீங்கள் அவனைத் திரும்பக் கூட்டிவந்து நடுவில் இருத்தியிருக்கிறீர்கள்."

எனக்கு விசர் வந்தது. "அரசாங்கக் கொடியில நடுவில வெள்ளைப் பெட்டி இருக்குதே? பனையும் பீரங்கியும் போட்டு?"

"அது சின்னம் வைக்கிற பெட்டி. இரண்டு நிறத்தையும் அது பிரிப்பதில்லை."

அடுத்த மெசினில் இருந்த மனைவிக்குச் சிரிப்பு. "இஞ்சேருங்கோ, இருநூறு வருசத்துக்கு முந்தி முடிஞ்ச சண்டையைத் திரும்பத் துவக்கிவிட்டியள்."

"நீர் உம்மட வேலையைப் பாரும்."

ஊர்வலத்துக்கு ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. தையலைப் பிரிக்கப் பிளேடை எடுத்தேன். மடாம் என் கையைத் தட்டிவிட்டாள். நாடாவை இரு கையாலும் பிடித்து இழுத்தாள். என் தையல் விடவில்லை, துணிதான் கிழிந்தது, அவ்வளவு பலம். ஓரமெல்லாம் நூல் நூலாகத் தொங்கியது.

"தாங்கோ, ஓரம் வெட்டி நேராக்கித் தாறன்" என்று கை நீட்டினேன்.

அவள் என்னைத் தாண்டிப் போய்த் துண்டுகளை என் மனைவியின் மடியில் வைத்தாள். "அன்றும் ஒரு பெண்தான் தைத்தாள். நீங்கள் தையுங்கள், மடாம்."

மனைவி பொத்தான் தைப்பவள். நீளத் தையல் அவளுக்கு வராது. நான் பக்கத்தில் நின்று, "வலப்பக்கம் இழும், வலப்பக்கம்" என்று கத்தக் கத்த அது பாம்புபோல வளைந்து போனது. மடாம் அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டுப் போனாள்.

ஊர்வலம் எங்கள் வாசலால்தான் போனது. எல்லோருக்கும் முன்னால் மடாம், கையில் அந்தக் கோணல் கொடி. யாரோ அந்தத் தையலைக் காட்டி ஏதோ கேட்டார்கள். அவள் எங்கள் கடையைக் காட்டினாள். அத்தனைபேரும் திரும்பிக் கடைப் பலகையைப் பார்த்தார்கள். அதில் என் பெயர்தான் எழுதியிருக்கிறது.