வரிசையின் கடைசியில் அம்மா

அம்மா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பெரிய வகுப்புப் பெண்களை வருடா வருடம் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்ப் பழைய துறைமுக ஊர்களைச் சுற்றிக்காட்டுவது அந்தப் பள்ளியின் வழக்கம். வரலாற்று சார் விளக்கம் சொல்லிக்கொண்டு முன்னால் போவார். அம்மா கடைசியில் வருவாள். கால் வலிக்கிறவள், பஸ்ஸில் வாந்தி எடுத்தவள், வீட்டோடு ஃபோனில் சண்டை போட்டு அழுகிறவள், எல்லாரும் அவளிடம் வந்து சேர்வார்கள். பிள்ளைகள் வைத்த பெயர் கடைசிப் பெட்டி. அவள் எடுத்த புகைப்படங்களில் கோட்டை கொத்தளம் எதுவும் சரியாகத் தெரியாது. முதுகுகள்தான் தெரியும்.

இந்த வருடப் பயணத்துக்கு முன்பே இறந்துபோனாள். மாரடைப்பு. விளையாட்டு அறையில் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது. துணைக்கு ஒரு பெண் இல்லாவிட்டால் பயணம் ரத்து என்று பள்ளியில் சொன்னார்கள். என்னைக் கேட்டார்கள். சரி என்றேன். மாட்டேன் என்று சொல்லவும் தெம்பு வேண்டியிருந்தது.

மூன்றாவது ஊரில் கோட்டை கடலுக்குள் இருந்தது. தண்ணீர் வற்றினால் கல்பாதை வெளியே தெரியும், ஏறினால் மூழ்கிவிடும். கிளம்புகிற காலையில் விடுதி வரவேற்பறையில் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எக்ஸ்பிரஸ் இங்கயே இருக்கட்டும்மா. ரிஸ்க் வேணாம்."

விபத்தில் கால் அடிபட்டு ஊன்றுகோலோடு நடக்கும் பெண்தான் எக்ஸ்பிரஸ். பெயர் வைத்தது அவள் தோழிகள். சோபாவில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள் காதில் விழுந்துவிட்டது.

"கோட்டை வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்னு டீச்சர் சொன்னாங்க சார். அதுக்குத்தான் பேரே கொடுத்தேன்."

"டீச்சர்தான் இப்ப இல்லையே..." என்றவர் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அம்மா போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. நான் பாலம் கட்டும் எஞ்சினியர். கணக்கு மட்டும் இன்னும் வருகிறது. கடல் ஏறும் நேரத்தை மேசைக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். அவளை வராந்தாவில் ஒருமுறை நடந்துகாட்டச் சொல்லி நேரம் பார்த்தேன்.

"கோட்டை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பலாம். உள்ள சுத்த நேரம் பத்தாது."

"போதும்க்கா. டீச்சரும் எந்தக் கோட்டையிலயும் வாசலைத் தாண்டினதில்லையாம். உள்ள என்ன இருக்கும்னு கேட்டா, 'எனக்கெங்கடி தெரியும், நான் உங்க பைகளுக்குக் காவல்'ன்னாங்க."

இது எனக்குத் தெரியாது.

"உங்க பொறுப்பும்மா" என்றார் சார்.

கல்பாதையில் முன்னால் போனவள் ஒருத்தி திரும்பிக் கத்தினாள். "ஏய் எக்ஸ்பிரஸ், சிக்னல் கிடைக்கலையாடி?"

"கடைசிப் பெட்டி மாட்டியிருக்குல்ல, மெதுவாத்தான் வருவேன்!" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பரவால்ல, நட" என்றேன்.

வாசலுக்கு வந்துவிட்டோம். மற்றவர்களின் பைகள் சுவரோரம் கிடந்தன. அவள் திரும்பவில்லை.

"ஒரே ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு வரட்டுமாக்கா?"

கணக்கில் பாதுகாப்புக்கென்று கொஞ்சம் நேரம் விட்டிருந்தேன். வேலையில் நாங்கள் அதில் கை வைக்கமாட்டோம்.

"போ."

பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே ஊன்றுகோல் சத்தம் போய், திரும்பி வந்தது.

"புல்லு. ஒரு கிணறு. அவ்ளோதான்க்கா." முகமெல்லாம் சிரிப்பு.

திரும்பும்போது மற்றவர்கள் எங்களைத் தாண்டிக் கரையேறிவிட்டார்கள். கரைக்குச் சற்று முன்னால் தண்ணீர் பாதைமேல் ஏறிவிட்டது. சார் அங்கிருந்து இரண்டு கையையும் ஆட்டினார். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கணுக்கால் வரை நனைந்து நடந்தோம்.

"சில்லுன்னு இருக்குல்லக்கா?"

"ஆமா" என்றேன். எனக்குக் காலில் எதுவும் தெரியவில்லை.