சட்டைப்பையில் ஒரு கைப்பிரதி

தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுக்கும் அக்காவுக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. சபையில் சாட்சி சொல்ல எழுந்தாலே நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் ஆண்டவரைப் பற்றி நாலு பேருக்குச் சொல்ல வேண்டுமென்று ஆசை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தேய்த்து மடிக்கிற ஒவ்வொரு சட்டையின் பையிலும் சுவிசேஷம் அச்சிட்ட ஒரு கைப்பிரதியை வைத்துவிடுவாள். "சட்டைப்பைக்குள்ளயே பிரசங்கம் வைக்கிற ஊழியக்காரி" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அதில் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

எதிர்வீட்டு பஸ் டிரைவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். சில வாரம் கழித்து அவர் மனைவி அவருடைய காக்கிச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பீரோவில் மாட்டி வைக்க வேண்டுமாம். அக்கா கண்கலங்கிக்கொண்டே காலரை நீவி நீவித் தேய்த்தாள். ஆனால் கை, பழக்கதோஷத்தில், பைக்குள் காகிதத்தையும் செருகிவிட்டது. 'இன்றிரவு நீ இறந்தால் எங்கே போவாய்?' என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

மறுநாள் அந்த அம்மா காகிதத்தோடு வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"எங்க வீட்டுக்காரர் எங்க போனாருன்னு எங்கிட்டயே கேக்குறீங்களாக்கா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா போய்விட்டாள். அப்புறம் அந்த வீட்டுத் துணியும் வரவில்லை, பார்வையும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. தன்னால் அவளுக்கு ஆண்டவர் பேரே கசந்துபோய்விடுமோ என்ற பயம் அக்காவை அரித்தது. வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதாள்.

"பெட்டி சூடு மிஞ்சினா துணி கருகும்னு உனக்குத் தெரியாதா? மனுசங்களும் அப்படித்தான். போய் மன்னிப்பு கேளு. வேற எதுவும் பேசாத" என்றார் அவர்.

போனாள். கேட்டாள். அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அக்கா உட்கார்ந்ததும் அவளே பேச ஆரம்பித்தாள். பஸ் இந்தப் பக்கம் வந்தால் அவர் ஹாரனை மெதுவாக ஒருதரம் அடிப்பாராம். சமையலில் உப்பு கூடினாலும் வாய் திறக்க மாட்டாராம். அக்காவுக்கு ஆறுதல் வசனம் ஒன்று நுனிநாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். அதற்குப் பிறகு, மத்தியானம் வேலை ஓய்ந்ததும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவது வழக்கமாயிற்று.

ஒருநாள் இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா கேட்டாள்: "தாங்க முடியாமப் போனா நீங்க யாருகிட்டக்கா அழுவீங்க?"

"இயேசப்பாகிட்டதாம்மா. அழகா ஜெபிக்கத் தெரியாது. உள்ளதைச் சொல்லுவேன்."

"இப்பச் சொல்லுங்களேன், நானும் கேக்குறேன். எங்க வீட்டுக்காரர் பேரையும் சேத்துச் சொல்லுங்க."

அக்கா திகைத்தாள். இத்தனை வருஷமும் அவளுக்கு அவர் வெறும் டிரைவர்தான். பேர் தெரியாதே என்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்டாள். அந்த அம்மா லேசாகச் சிரித்துவிட்டுப் பேரைச் சொன்னாள்.

அந்தப் பேரைச் சொல்லி, இப்படி ஒரு நல்ல மனுசனை இந்த அம்மாவுக்குக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம் என்று அக்கா தொடங்கினாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது. மீதியை அந்த அம்மாவே மெல்லிய குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.