நெய்வேலியில் நான் வாசித்த பாடம்

கடலூரில் காலை எட்டு மணிக்குப் பேருந்து கிளம்பியது. எண்பதுகளின் தொடக்கம். பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இறையியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பழக்கமில்லாத ஒரு சபையில் பிரசங்கம் செய்தால்தான் அந்த ஆண்டு தேற முடியும். எனக்கு வாய்த்தது நெய்வேலி.

குறிஞ்சிப்பாடியில் தறிச் சத்தம் சன்னல்வரை கேட்டது. வடலூரில் பாதிப் பேருந்து காலியானது. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நகரியத்தின் நுழைவு வளைவு நெருங்கியதும் நடத்துநர், "எந்த பிளாக்குங்க? ஆர்ச்சாண்ட எறங்கிக்கினு கம்பெனி பஸ்ஸு புடிங்க" என்றார்.

கோடு கிழித்தாற்போன்ற சாலைகள், இருபுறமும் மரங்கள், ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ்கள். சபை எனக்குத் தங்க ஏற்பாடு செய்திருந்த வீட்டில் கதவைத் திறந்த செல்வராஜ் அண்ணன் என்னைப் பார்த்துத் திகைத்தார். சுரங்கத்தில் ஆபரேட்டர், திருநெல்வேலிக்காரர். கடிதத்தில் 'அருள்மணி' என்ற என் பெயரைப் பார்த்து ஓர் ஆணை எதிர்பார்த்திருக்கிறார்கள். அவர் மனைவி ரோஸ்லின் அக்கா சிரித்துவிட்டு, என் பையை வாங்கி உள்ளே வைத்தார்.

பிற்பகலில் சுரங்கம் பார்க்கப் போனோம். விளிம்பிலிருந்து பார்த்தால் பூமி படிப்படியாக இறங்குகிறது. அடியில் கருப்பும் பழுப்புமாய் நிலக்கரி. வீட்டை விட உயரமான சக்கரம் மண்ணை வாரிக்கொண்டே இருந்தது. நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைக்காவிட்டால் எல்லாம் குளமாகிவிடும் என்றார் அண்ணன்.

மாலையில் சபைச் செயலாளர் வந்தார். போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் இவர் பொறுப்பு. மரியாதையாகவே பேசினார்.

"நீங்க வேதபாடம் வாசிங்கம்மா. பிரசங்கத்த நான் பாத்துக்கறேன். பொம்பளைங்க பேசி இங்க பழக்கமில்ல."

தேர்வைப் பற்றி எடுத்துச் சொன்னேன். வருத்தப்பட்டார், இறங்கி வரவில்லை. வாசிக்க ஒப்புக்கொண்டேன். ஆனால் ஊர் திரும்புமுன் பேசிவிடுவதென்று தீர்மானித்துக்கொண்டேன்.

ஞாயிறு ஆராதனை ஒன்பது மணிக்கு. ஆண்களில் சிலர் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தார்கள். எனக்குத் தந்த பகுதி, கல்லறைக்குப் போன பெண்கள் ஓடிவந்து சீடர்களிடம் செய்தி சொல்வதும், அவர்கள் நம்பாததும். வாசித்து முடித்தேன். புத்தகத்தை மூடினேன். கீழே இறங்கவில்லை.

"அந்தப் பெண்கள் வாயை மூடியிருந்தால் இன்று நாம் இங்கே கூடியிருக்க மாட்டோம்" என்று தொடங்கினேன். செயலாளர் எழுந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ரோஸ்லின் அக்காவின் குரல், உயராமல் வந்தது.

"சொல்லி முடி தங்கச்சி. நாங்க கேக்கத்தான் வந்திருக்கோம்."

செயலாளர் பெண்கள் பக்கம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் முழுவதையும் பேசினேன்.

வாசலில் அவர் கைகூப்பினார். "பாடத்த கொஞ்சம் நீளமா வாசிச்சிட்டீங்க" என்றார். முகத்தில் கோபமா சிரிப்பா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னர் என் பேராசிரியர் தேர்வுக்கு அதைப் பிரசங்கமாகவே ஏற்றுக்கொண்டார்.

அன்று பிற்பகல் பேருந்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது என் ஊரான நாகர்கோவிலை நினைத்தேன். மூன்று வருடமாக இறையியல் படிக்கிறேன். எங்கள் ஊர்ச் சபையில் ஒருநாளும் பேசியதில்லை, கேட்டதுமில்லை. அங்கே செயலாளர் என் அப்பா. வடலூர் வருமுன் முடிவு செய்தேன். அந்தக் கோடை விடுமுறையில் கேட்டேன். முடியாது என்றார். அடுத்த கோடையிலும் கேட்டேன். நான் பேசிய ஞாயிறன்று அவரே மணியடித்து, முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.